ஏழரையில் அந்த அரை

எனக்கு ஏழு வரைக்கும் நன்றாக எண்ண வரும், இன்ஸ்பெக்டர் புவான். அதற்கு மேல் போனால் கொஞ்சம் தடுமாறுவேன். பள்ளிக்கூடத்தில் இதற்காக நிறைய நாள் வகுப்புக்கு வெளியே நின்றிருக்கிறேன். பிற்பாடு டிரம்ஸ் வாசிக்கப் போனபோது அதே குறைக்குத்தான் கைதட்டினார்கள்.

நீங்கள் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருக்கிறீர்கள். தினேஸ்வரனின் போனில் பதிவாகியிருக்கும் சத்தத்தின் கடைசியில் நான் குனிந்து அவன் காதருகே ஏதோ சொல்கிறேன். காற்றும் மூச்சும் கலந்து அது விளங்கவில்லை என்கிறீர்கள். கோலாலம்பூருக்கு அனுப்பிச் சுத்தம் செய்தும் பார்த்தீர்களாம். அவ்வளவு சிரமம் வேண்டியதில்லை. நான் சொன்னது ஐந்தாறு சொல். சொல்லிவிடுகிறேன். ஆனால் ஏழிலிருந்து ஆரம்பித்தால்தான் அது உங்களுக்குப் புரியும்.

எங்கள் பேண்டின் பெயர் ஏழரை. மூன்று பேர். நான் டிரம்ஸ், வேலை நேரத்தில் எஸ்டேட் கொழுந்து லோரி ஓட்டுகிறேன். யுவனேஸ்வரி கீபோர்டு, திரிங்காப்பில் அவள் அண்ணனுடைய பூத்தோட்டத்தில் செவ்வந்தி கட்டி அனுப்புகிற வேலை அவளுக்கு. தினேஸ்வரன் கித்தார், பாட்டு, பேச்சு எல்லாம். கோலாலம்பூரில் உளவியல் படித்தவன். படிப்புக்கேற்ற வேலை அமையும்வரை என்று சொல்லி கியா பார்மில் ஒரு ஸ்ட்ராபெரிக் கடையில் நின்றான். அங்கே வருகிற சுற்றுலாக்காரர்கள் பழம் வாங்கிக்கொண்டு, வீட்டுக் கவலையையும் அவனிடம் சொல்லிவிட்டுப் போவார்கள். அவன் முகம் அப்படி.

நாங்கள் வாசிப்பதற்கு புரோகிரெசிவ் ராக் என்று பெயர். ஒரு பாட்டு பத்து நிமிடத்துக்குக் குறையாது. நடுவில் தாளம் மாறும், மறுபடி மாறும். ஆடலாம் என்று எழுந்தவன் குழம்பி உட்கார்ந்துவிடுவான். எஸ்டேட் மாரியம்மன் திருவிழாவில் முதல் தடவை வாசித்தபோது, கோயில் தலைவர் இருளப்பன் மேடை ஓரம் வந்து, "தம்பி, டியூன் பண்ணி முடிச்சிட்டீங்கன்னா பாட்ட ஆரம்பிங்கலா" என்றார். அப்போது பாட்டில் ஒன்பதாவது நிமிடம் போய்க்கொண்டிருந்தது.

ஏழரை என்ற பெயரைக் கேட்டதும் என் அப்பா முனியாண்டி, "ஏன்டா, சனியன வெத்தல பாக்கு வச்சா கூப்புடுறீங்க?" என்றார். அந்தப் பெயர் நான் வைத்தது. வானொலிப் பேட்டியில் தினேஸ்வரன் அதை "நாங்க வச்ச பேரு" என்றான். அடுத்த பேட்டியில் "நான் வச்சேன்" என்று சொன்னதாக ஞாபகம். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

என் அம்மா செல்லம்மா கொழுந்து வெட்டியவர். பொழுது சாய்ந்ததும் லயத்து வீட்டு வாசலில் நின்று காலி பால் டின்னைக் கரண்டியால் தட்டி என்னைக் கூப்பிடுவார். பனி இறங்கிவிட்டால் குரல் எந்தப் பக்கமிருந்து வருகிறதென்று தெரியாது. டின் சத்தம் தெரியும். மற்ற வீடுகளிலும் தட்டுவார்கள் என்பதால் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கணக்கு. யுவனேஸ்வரி வீட்டில் நான்கு. எங்கள் வீட்டில் ஏழு. மூன்று, இரண்டு, இரண்டு. தட்டிவிட்டுக் கொஞ்சம் நிறுத்துவார். அந்த அரை அடி நேரம் எனக்கானது. அதற்குள் நான் எங்கிருந்தாலும் "வர்றேம்மா" என்று கத்த வேண்டும். கத்தினால் டின் நின்றுவிடும். இல்லாவிட்டால் மறுபடியும் ஏழு.

தினேஸ்வரன் வீட்டில் தட்ட மாட்டார்கள். அவன் அம்மா சாரதா அத்தைக்கு துரை பங்களாவில் சமையல் வேலை. வீடு திரும்ப இருட்டிவிடும். எங்கள் டின் சத்தம் கேட்டால் அவனும் என்னோடு ஓடி வருவான். எங்கள் வீட்டில் அவனுக்கும் ஒரு தட்டு இருந்தது. நீல விளிம்பு வைத்த தட்டு. என்னுடையதில் விளிம்பு இல்லை. சின்ன விஷயம்தான், கேட்டதால் சொல்கிறேன். சரி, நீங்கள் கேட்கவில்லை.

எங்கள் பயிற்சி பழைய ஆயாக்கொட்டகையில் நடந்தது. கொழுந்து வெட்டப் போகிற தாய்மார்கள் கைக்குழந்தைகளை ஆயாவிடம் விட்டுப்போன இடம். இப்போது குழந்தைகள் இல்லை, தொட்டில் கட்டிய கொக்கிகள் மட்டும் உத்தரத்தில் இருக்கின்றன. அவற்றில் ஒயரைச் சுற்றி மைக்கைத் தொங்கவிட்டோம். நாங்கள் மூவரும் ஒரு காலத்தில் அதே கொக்கிகளில் தொங்கியவர்கள்தான்.

வாரத்தில் ஒரு நாள், கருவியைத் தொடுவதற்கு முன்னால், ஒருவர் மனதில் கிடப்பதைச் சொல்ல வேண்டும். பயம், வெட்கம், எரிச்சல், எதுவானாலும் சரி. மற்ற இரண்டு பேரும் கேட்க வேண்டும். ஆறுதல் கூடாது, கேள்வி கூடாது, பதிலே கூடாது. முடிந்ததும் வாசிக்கத் தொடங்க வேண்டும். இது தினேஸ்வரன் கொண்டுவந்த விதி. பதில் சொல்லிவிட்டால் அது பேச்சாகப் போய்விடும், வாசித்தால்தான் உணர்ச்சி உணர்ச்சியாகவே இருக்கும் என்பான். நாங்கள் அதைக் கொட்டுவது என்போம். "இன்னிக்கு யாருலா கொட்டுறது?" என்றுதான் பயிற்சி தொடங்கும். மேளத்துக்கும் அதே சொல், மனதுக்கும் அதே சொல். தேளுக்கும் அதே சொல்தான். அது எங்களுக்கு அப்போது தோன்றவில்லை.

ஒரு தடவை யுவனேஸ்வரி கொட்டினாள். "பிரிட்ஜ்ல என் பேரு எழுதி வச்ச தயிர எங்கண்ணி தின்னுட்டு, தின்னவே இல்லங்குறாங்க. வாயோரத்துல தயிரு." நாங்கள் சிரிக்கக்கூடாது. பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்தோம். பதினொரு நிமிடப் பாட்டு வந்தது. நல்ல பாட்டு.

அம்மா இறந்து நான்கு வருடமாகிறது. ஈரல் கெட்டு, டவுன் ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் கிடந்தார். நான் அழவில்லை. அது குற்றமில்லை. சிலருக்கு வியர்க்காது, சிலருக்கு அழுகை வராது. பெட்டியைத் தூக்கினேன், கொள்ளி வைத்தேன், காரியம் முடிந்த மறுநாள் லோரி எடுத்தேன். லயத்துப் பெண்கள் பேசிக்கொண்டார்கள். "ஒத்தப் புள்ள, ஒரு சொட்டு விட்டானா பாரேன்." தினேஸ்வரன் அழுதான். சுடுகாட்டில் அவனை இரண்டு பேர் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அப்பா அவனைத்தான் தேற்றினார், மகனை விட்டுவிட்டு.

திரும்பி வரும்போது வேனில் என் தோளில் சாய்ந்துகொண்டு, "டேய் லிங்கா, ஒன் பங்குக்கும் நானே அழணுமாடா?" என்றான். அன்பாகத்தான் சொன்னான். அவன் எதையும் அன்பில்லாமல் சொன்னதில்லை. அதுதான் அவனோடு இருந்த கஷ்டம்.

இரண்டு வருடம் கழித்து ஒரு நாள் நான் கொட்டினேன். மழையில் லோரி ஓட்டும்போது வைப்பர் ஏழு தடவை போய்வந்தால் என் வாய் தானாகத் திறக்கிறது, சத்தம் வருவதில்லை, என்று சொன்னேன். அவ்வளவுதான். அவர்கள் பதில் சொல்லவில்லை. தினேஸ்வரன் கண்ணைத் துடைத்துக்கொண்டு கித்தாரை எடுத்தான். அதிலிருந்து பத்தொன்பது நிமிடப் பாட்டு ஒன்று வந்தது. பெயர் செல்லம்மா. முழுக்க முழுக்க ஏழரைத் தாளம். ஏழு அடி, அரை மௌனம். அந்த அரையில் யாரும் வாசிக்கக்கூடாது, பாடக்கூடாது, மூச்சுக்கூட விடக்கூடாது என்று நான் ஒரு நிபந்தனை போட்டேன். பேண்டில் நான் போட்ட ஒரே நிபந்தனை. இருவரும் ஒத்துக்கொண்டார்கள்.

தானா ராத்தாவில் ஒரு மண்டபத்தில் அதை முதல் தடவை மேடையேற்றினோம். இருநூறு பேர் இருப்பார்கள். அப்பா முதல் வரிசையில். பதினாறாவது நிமிடம், நான் ஏழு அடித்துக் கையை எடுக்கிறேன். அந்த அரைக்குள் தினேஸ்வரன் "வர்றேம்மா" என்று பாடினான்.

பாடினான் என்று சொல்வது சரியில்லை. கூப்பிட்டவருக்குப் பதில் சொன்னான். மண்டபமே அழுதது. யுவனேஸ்வரி அழுதுகொண்டே வாசித்தாள். நான் தாளத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன், யாராவது பிடித்தாக வேண்டுமே. முடிந்ததும் அப்பா மேடைக்கு ஏறி வந்தார். முட்டி வலிக்காரர், நான்கு படி ஏறி வந்தார். நேராகப் போய் தினேஸ்வரனைக் கட்டிக்கொண்டு, "நீதான்டா எம்புள்ள" என்றார். மைக் பக்கத்தில் இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

"சாரிடா லிங்கா, அது தானா வந்திருச்சு" என்றான் பிறகு.

தானாக. எனக்கு இரண்டு வருடமாக வாயைத் திறந்தும் வராதது அவனுக்குத் தானாக வந்தது. நான் "பரவால்லடா, நல்லா இருந்துச்சு" என்றேன். நன்றாகத்தான் இருந்தது. அதன் பிறகு ஒவ்வொரு மேடையிலும் அந்த இடம் அவனுடையதாகிவிட்டது. பேட்டி எடுத்த ஒரு பெண் அவனிடம், உங்கள் அம்மா உயிரோடு இருந்திருந்தால் இதைக் கேட்டு என்ன சொல்லியிருப்பார் என்று கேட்டாள். சாரதா அத்தை அப்போது வீட்டில் மீன் கழுவிக்கொண்டிருந்தார்.

இந்த வருடம் கோலாலம்பூரில் பெரிய நிகழ்ச்சி ஒன்று அமைந்தது. அப்பாவையும் மேடையில் உட்காரவைத்து செல்லம்மா பாட வேண்டும் என்று தினேஸ்வரன் ஆசைப்பட்டான். அப்பா புதுச் சட்டை தைத்துக்கொண்டார். ஒரு சாயங்காலம் அதைப் போட்டுக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

"ஏம்பா, அன்னிக்கு ஆயிரம் பேரு பாக்க அவனப் போயி கட்டிப்புடிச்சீங்க?"

"ஆயிரம் பேரு எங்கடா இருந்தாங்க. ஒனக்குத் தெரியாதா?"

"என்னாதுப்பா?"

"கடைசி நாளு ஒங்கம்மா கட்டில் கம்பியில தட்டுனா. கரண்டி ஏது, கைமோதரத்தாலதான். ஏழு தடவ. கண்ணு தெரியல அவளுக்கு அப்ப. தட்டிட்டு நிறுத்துறா, மறுபடி தட்டுறா. எனக்கு வாயே வல்ல. இவன்தான் பக்கத்துல குனிஞ்சு, வர்றேம்மான்னான்."

"அம்மா என்னா சொன்னாங்க?"

"என்னா சொல்லுவா. சிரிச்சா. தட்டுறத நிறுத்திட்டா. நீதான்னு நெனச்சுக்கிட்டா, வித்தியாசம் தெரியல." சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே, "நீ அப்ப எங்கடா போயிருந்த?" என்றார்.

"லோரி போட எடம் தேடிக்கிட்டு இருந்தேம்பா."

இடம் நிறைய இருந்தது, புவான். ஆஸ்பத்திரி முற்றத்தில் அம்மாவின் ஜன்னல் தெரிகிற மாதிரி லோரியை நிறுத்திவிட்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கண்ணாடியை ஏற்றிவிட்டிருந்தேன். உள்ளே போக வேண்டும் என்றுதான் இருந்தேன். கால் இறங்கவில்லை. அதற்கு நான் யாரையும் குற்றம் சொல்லவில்லை. தினேஸ்வரன் உள்ளே போகாமல் இருந்திருந்தால் அம்மா தட்டிக்கொண்டே இருந்திருப்பார், நானும் எப்படியாவது இறங்கிப் போயிருப்பேன் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

ஒருவன் என் சட்டையைப் போட்டுக்கொண்டால் கழற்றிக் கொடு என்று கேட்கலாம். நான் சொல்ல வேண்டியதை அவன் சொல்லிவிட்டான். கேட்க வேண்டியவரும் கேட்டுவிட்டு, சிரித்துவிட்டுப் போய்விட்டார். அதை எப்படித் திருப்பி வாங்குவது? ஒரு வாரம் யோசித்தேன்.

அந்த வாரம்தான் எங்கள் ஆல்பத்தின் கடைசிப் பாட்டுக்காக உட்கார்ந்தோம். ஏழு உணர்ச்சிக்கு ஏழு பாட்டு, பிறகு ஒரு அரைப் பாட்டு என்பது தினேஸ்வரனின் திட்டம். அந்த அரை பொறாமைக்கு. "பொறாம முழு உணர்ச்சி இல்லடா. பாதிதான் அது. மீதிப் பாதி பாசம்" என்பான். "எல்லாத்துக்கும் ஆளு கெடச்சாச்சு. பொறாமைக்கு மட்டும் ஒருத்தனும் கெடைக்கலயே. எல்லாரும் இவ்ளோ நல்லவனா இருந்தா எப்படிலா பாட்டு எழுதுறது?"

"நான் கொட்டுறேன்" என்றேன்.

அன்று நான் கொட்டியது என்னவென்று சொல்வதற்கு முன் எங்கள் ரோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். எஸ்டேட் ரோடு ஒரு வண்டி போகிற அகலம்தான், உங்களுக்குத் தெரியும். பனி இறங்கினால் எதிரே வருவது தெரியாது. அதனால் முனீஸ்வரர் வளைவில் ஹாரனில்தான் பேசிக்கொள்வோம். கீழிருந்து ஏறி வருகிறவன் இரண்டு அடிப்பான். அது கேள்வி. மேலே லோரி இறங்கிக்கொண்டிருந்தால் ஒரு நீள ஹாரன் கொடுக்க வேண்டும். வர்றேன், நில்லு என்று அர்த்தம். லோரி முனீஸ்வரர் சிலைக்கு முன்னால் ஒதுங்கி நின்றுவிட்டது என்றால் ஒரே ஒரு குட்டை ஹாரன். சாமிக்குக் கும்பிடு போட்டமாதிரியும் ஆச்சு, நான் நின்னுட்டேன், நீ வா என்று கீழே இருப்பவனுக்குச் சொன்னமாதிரியும் ஆச்சு. இது எந்தப் புத்தகத்திலும் இருக்காது. சம்பவத்தன்று வந்த உங்கள் போலீஸ்காரர் வெளியூர்க்காரர். கொழுந்துக் காட்டில் இருந்த நவமணி அக்கா, "லோரி ஹாரன் அடிச்சுச்சுலா, நான் கேட்டேன்" என்றதும், ஹாரன் அடிக்கப்பட்டது என்று எழுதிக்கொண்டார். நீளமா குட்டையா என்று அவருக்குக் கேட்கத் தெரியவில்லை. கேட்காததற்கு நவமணி அக்காவும் பதில் சொல்வதில்லை.

அன்று கொட்டகையில் நான் சொன்னது இதுதான். "யாராச்சும் ஏறி வரும்போது, குட்ட ஹாரன் அடிச்சிட்டு, நிக்காம எறங்கிட்டா என்னான்னு தோணுது. கொஞ்ச நாளா தெனமும் தோணுது."

யுவனேஸ்வரி என் முகத்தையே பார்த்தாள். வாயைத் திறந்தாள். தினேஸ்வரன் கையைத் தூக்கி அவளை நிறுத்தினான். விதி. பிறகு வாசித்தோம். நான் அன்று வாசித்ததுபோல என்றைக்கும் வாசித்ததில்லை. முடிந்ததும் தினேஸ்வரன் என் தலையைப் பிடித்து உலுக்கி, "இதான்லா பாட்டு. பயமா இருந்துச்சுடா எனக்கே. அந்த ஹாரன நெஜமாவே ரோட்டுல ரெக்கார்ட் பண்ணி உள்ள வைக்கணும்" என்றான். அன்றிலிருந்து மோட்டார் சைக்கிளில் வரும்போதெல்லாம் சட்டைப் பையில் போனை ஓடவிட்டுக்கொண்டு வந்தான். நான் சொன்னதால்தான் அந்தப் பதிவே இருக்கிறது. என் மனதில் இருந்ததை இரண்டு பேரிடம் முன்கூட்டியே சொல்லியிருக்கிறேன். ஒருவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. இதையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

வெள்ளிக்கிழமை. மறுநாள் கோலாலம்பூர் நிகழ்ச்சி. யுவனேஸ்வரி சாமான்களோடு காலையிலேயே வேனில் போய்விட்டாள். நான் கொழுந்தை இறக்கிவிட்டுப் பின்னால் போவதாக ஏற்பாடு. அப்பாவை பஸ்ஸில் கூட்டிப்போக தினேஸ்வரன் மூன்று மணிக்கு லயத்துக்கு வருவான். மூன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது நான் மேல்காட்டில் கொழுந்து ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். லயத்து முனையில் அப்பா புதுச் சட்டையோடு பையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கை காட்டினேன். அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பனி நன்றாக இறங்கியிருந்தது. வளைவுக்கு மேலேயே ப்ரீ கியர் போட்டேன். இறக்கத்தில் டீசல் மிச்சம், சத்தமும் குறைவு. விளக்கை அணைத்தேன். பனியில் விளக்கு போட்டால் வெள்ளையாக அடிக்கும், ஒன்றும் தெரியாது.

கீழே மோட்டார் ஹாரன் கேட்டது. எல்லோரும் இரண்டு அடிப்பார்கள் என்றேன். தினேஸ்வரன் ஏழு அடிப்பான். மூன்று, இரண்டு, இரண்டு. எனக்கு அவன் வைத்திருந்த விளையாட்டு அது. லோரி ஓட்டுவது நான்தான் என்று அவனுக்குத் தெரியும். அடித்துவிட்டு அரை அடி நேரம் காத்திருந்தான். என் அம்மா காத்திருந்த மாதிரியே.

நான் குட்டை ஹாரன் அடித்தேன். ஒன்று.

வா என்று சொன்னேன், அவன் வந்தான். அதற்குப் பிறகு நடந்ததை ரோட்டில் டேப் பிடித்து அளந்து வைத்திருக்கிறீர்கள். அளவுகள் சரியாகத்தான் இருக்கின்றன.

அவன் தேயிலைச் செடிகளுக்கு நடுவில் கிடந்தான். ஹெல்மெட் தனியாக. செடி தாங்கியிருக்காவிட்டால் அப்போதே போயிருப்பான். மோதியதிலிருந்து கடைசிவரை பதினொரு நிமிடம் என்று நீங்கள் சொல்லித்தான் தெரியும். நான் ஏழு ஏழாகத்தான் எண்ணினேன். என் போன் பையில் இருந்தது. அந்த வளைவில் லைன் கிடைக்கும், அதையும் மறைக்க வேண்டியதில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டேன்.

அவன் பேசினான். நீங்கள் கேட்டிருப்பீர்கள். "லிங்கா... நீயாடா... நின்னுட்டேன்னுல்ல அடிச்ச" என்றான். கோபமில்லை, சந்தேகம் கேட்கிற மாதிரி. பிறகு, "ஒங்கப்பா நிப்பாருடா, லேட்டாகும்னு சொல்லு." பிறகு, குளிருது என்றான். நான் ஒன்றுக்கும் பதில் சொல்லவில்லை. உங்களுக்கு அது கல்நெஞ்சமாகத் தெரியலாம். அவன் கொட்டிக்கொண்டிருந்தான், நான் கேட்டுக்கொண்டிருந்தேன். விதியை உண்டாக்கியவனே அவன்தான்.

நவமணி அக்கா சரிவில் தடவித் தடவி இறங்கி வந்தபோது நான் அழுதுகொண்டிருந்தேன். நிற்கவே இல்லை. அம்மாவுக்கு வராத அழுகை எல்லாம் சேர்ந்து வந்தது. அக்கா என்னைக் கட்டிக்கொண்டு, "அய்யோ கூட்டாளிக்காக இப்படி அழுறானே" என்று கத்தினார். அப்பாவும் வந்து பார்த்தார். அழுகிற மகனை அவர் முதல் தடவையாகப் பார்த்தார்.

பதினாறாம் நாள் முடிந்த சாயங்காலம் வீட்டில் அந்தப் பழைய பால் டின்னைத் தேடி எடுத்தேன். அப்பா முன்னால் உட்கார்ந்து ஏழு தட்டினேன். அரையில் "வர்றேம்மா" என்று சொன்னேன். சத்தம் நன்றாக வந்தது. எந்தத் தடையும் இல்லை. அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அவன் சொல்ற மாதிரி இல்லடா" என்றார்.

நான் டின்னைத் துடைத்து அலமாரியில் வைத்தேன். அப்பாவுக்கு வயதாகிவிட்டது, காது மந்தம். அதற்குள் சாரதா அத்தை தினேஸ்வரனுடைய போனை யுவனேஸ்வரியிடம் கொடுத்துவிட்டார், ஆல்பத்துக்கு ஏதாவது உதவும் என்று. கண்ணாடி உடைந்திருந்தாலும் போன் வேலை செய்தது. ஹாரன் பதிவுகளை ஒவ்வொன்றாகக் கேட்டிருக்கிறாள். கடைசிப் பதிவு வந்ததும் இந்த ஸ்டேஷனுக்கு வந்துவிட்டாள். இந்தத் தடவை அவள் விதியைப் பார்க்கவில்லை. நான் அவளைத் தப்பு சொல்லவில்லை. ஆனால் அன்று கொட்டகையில் வாயைத் திறந்தாளே, அப்போதே பேசியிருக்கலாம்.

இனி உங்கள் கேள்வி.

கடைசிக்குக் கொஞ்சம் முன்னால், பதிவில் ஒரு சத்தம் வரும். டொக்கு டொக்கென்று. இலையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். தண்ணீர் இல்லை. நானும் முதலில் எங்கிருந்து வருகிறதென்று தேடினேன். பக்கத்தில் கிடந்த ஹெல்மெட்டில் அவன் விரல் தட்டிக்கொண்டிருந்தது. மூன்று, இரண்டு, இரண்டு. நிறுத்தினான். கண் திறந்திருந்தது, என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் லயத்துப் பக்கமாகப் பார்த்துச் சிரித்தான். அந்த அரைக்குள், என் மடியில் படுத்துக்கொண்டே, "வர்றேம்மா" என்றான்.

அதற்குத்தான் குனிந்தேன். அதுவரை விதியை மீறவில்லை, அப்போது மட்டும் மீறினேன். நிதானமாக, அவனுக்கு விளங்கும்படியாகத்தான் சொன்னேன்.

"அவங்க ஒன்னக் கூப்புடலடா. என்னத்தான் கூப்புடுறாங்க."